முதல்ல கரையை அடை

வாழை, அவுரி, மாட்டுக்குக் கோமாரின்னு எழுதிக்கிட்டு இருந்தவன் இன்னைக்கு ரவுட்டர், ஸ்விட்ச்னு ஆரம்பிக்கிறானேன்னு நினைப்பீங்க. போன மாசம் அம்பத்தூர்ல இருந்து ஒரு வாசகர் போன்ல பேசினார். எட்டுப் பேர் வேலை பார்க்கிற சின்ன பேக்கிங் கம்பெனி வச்சிருக்கார். “நெட்வொர்க் அடிக்கடி படுத்துது. ஆளாளுக்கு ஒரு பட்டியல் தர்றாங்க. எதை முதல்ல செய்யன்னு தெரியல. வெள்ளத்துக்கு அப்புறம் உங்க மச்சினன் ஆபீஸைச் சரி பண்ணினதா ஒரு வரி எழுதியிருந்தீங்களே, அதை விவரமா எழுதுங்க”ன்னு கேட்டார். அவருக்காக எழுதுறேன். சின்னதா தொழில் வச்சிருக்கிற மத்தவங்களுக்கும் உதவும்.

நான் கம்ப்யூட்டர் படிச்சவன் கிடையாது. தாமிரபரணியோட கடைசி அணைக்கட்டு ஸ்ரீவைகுண்டம். அங்கே இருந்து வர்ற வடகாலுக்குக் கடைமடை விவசாயி நான். வயலுக்குத் தண்ணி வரலைன்னா நாங்க பெரிய மோட்டார் வாங்க ஓட மாட்டோம். மண்வெட்டியைத் தோள்ல போட்டுக்கிட்டு வாய்க்கால் கரையோரமா மேலே நடப்போம். எங்கே அடைச்சிருக்கு, எங்கே கரை கசியுது, எந்த மடையில பலகை உடைஞ்சிருக்குன்னு பார்த்துட்டு வந்துதான் செலவைப் பத்திப் பேசுவோம். கையில இருக்கிற காசு ஒரு வேலைக்குத்தான் காணும்னா, எது முதல்லன்னு ஊர்ல சண்டையே வராது. கரை உடைப்பு முதல்ல. அப்புறம் மடை. தூர் வாருறது அதுக்கும் பின்னால. ஆபீஸ் நெட்வொர்க்குக்கும் இந்தக் கணக்குதான் சரியா வந்தது. அது எங்களுக்கு விளங்க ஒரு வெள்ளம் வர வேண்டியிருந்தது.

மச்சினனுக்குத் தூத்துக்குடியில அவுரி இலை வியாபாரம். நீலச் சாயம் எடுக்கிற அவுரி வேற, இது வேற. நாட்டு மருந்துக் கடையில நிலாவாரைன்னு கேட்டா இதைத்தான் தருவாங்க. வெளிநாட்டு வியாபாரத்துல இதுக்கு ‘டின்னவெல்லி சென்னா’ன்னு திருநெல்வேலிச் சீமை பேரே நிலைச்சுப் போச்சு. மலச்சிக்கல் மருந்துக்காக ஜெர்மனி மாதிரி நாடுகளுக்குப் போகுது. ஒட்டப்பிடாரம் பக்கம் மாமனார் வழியில வந்த புஞ்சையில நானும் அவுரி போடுறேன். என்னை மாதிரி நாற்பது குடும்பம் அந்த ஆபீஸுக்கு இலை கொடுக்குது. இலையைக் கொண்டு போய்ப் போட்டதும் பாதிப் பணம். சரக்கு கப்பல் ஏறின பிறகு மீதி. அந்த மீதி யார் யாருக்கு எவ்வளவுங்கிற கணக்கு முழுக்க ஆபீஸ்ல ஒரே ஒரு கம்ப்யூட்டர்ல இருந்தது.

இலை வியாபாரத்துல நெட்வொர்க்குக்கு என்ன வேலைன்னு முதல்ல எனக்கும் புரியல. ஒரு நாள் ஆபீஸ்ல உட்கார்ந்து பார்த்தப்போதான் தெரிஞ்சுது. குடோன்ல எடை போட்டு அனுப்பின சீட்டு ஆபீஸுக்கு வரணும். லாரி கிளம்பணும்னா இ-வே பில் வேணும். 2018 ஜூன் 2-ல இருந்து தமிழ்நாட்டுக்குள்ளேயே போற சரக்குக்கும் அது வந்துட்டு. இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட் எல்லாம் கஸ்டம்ஸ் புரோக்கருக்குப் போகணும். அவர் ஷிப்பிங் பில்லை ஆன்லைன்லதான் தாக்கல் பண்ணணும். கண்டெய்னரோட மொத்த எடையை முன்கூட்டியே சான்றோட சொல்லணும்னு 2016 ஜூலையில இருந்து உலகம் முழுக்க விதி. இது எல்லாத்துக்கும் ஒரு கடைசி மணி உண்டு. தூத்துக்குடியில இருந்து நிறைய சரக்கு சின்னக் கப்பல்ல கொழும்பு போய், அங்கே பெரிய கப்பல் மாறும். இங்கே சின்னக் கப்பலை விட்டா அங்கே பெரிய கப்பலும் போயிரும். அந்தக் கப்பல் போச்சுன்னா நாற்பது குடும்பத்துக்கு மீதிப் பணம் தள்ளிப் போகும்.

2023 டிசம்பர் 17, ஞாயித்துக்கிழமை. அன்னைக்குக் கொட்டின மழையை நீங்க டிவியில பார்த்திருப்பீங்க. காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 செ.மீ. பதிவாச்சு. இந்தப் பக்கம் ஒரு வருஷம் முழுக்கப் பெய்யுற மழையை விட அது அதிகம். திருச்செந்தூர்ல இருந்து சென்னைக்குக் கிளம்பின ரயில் சுமார் 800 பேரோட ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷன்ல மாட்டிக்கிச்சு. கோரம்பள்ளம் குளம் உடைஞ்சு தூத்துக்குடி டவுனுக்குள்ள வெள்ளம் வந்துது. கரண்டும் இல்ல, செல்போன் டவரும் இல்ல. பக்கத்து ஊர்ல இருக்கிறவன் உயிரோட இருக்கானான்னு தெரிஞ்சுக்க மூணு நாள் ஆச்சு.

ஆபீஸுக்குள்ள இடுப்பளவு தண்ணி. மேஜைக்குக் கீழே தரையில இருந்த கம்ப்யூட்டர் முங்கிப் போச்சு. பேக்கப்னு ஒண்ணு இருந்தது. அது ஒரு பென்டிரைவ். அதே மேஜையோட கீழ் டிராயர்ல கிடந்தது. அதுவும் முங்கிட்டு.

எங்களைக் காப்பாத்தினது கணக்கு அக்கா. பதினெட்டு வருஷமா அந்த ஆபீஸ்ல கணக்கு எழுதுறாங்க. எடைச் சீட்டோட கார்பன் நகலை ஒரு மஞ்சப் பையில போட்டு தினம் வீட்டுக்கு எடுத்துட்டுப் போற பழக்கம் அவங்களுக்கு. “கம்ப்யூட்டர்ல ஏத்தியாச்சுல்லா, இது எதுக்கு?”ன்னு எல்லாரும் கேலி பண்ணுவாங்க. அவங்க வீடு மாடி. அந்தப் பை நனையல. அதை வச்சு, ஒவ்வொரு வீடாப் பேசி, பதினோரு நாள்ல பாக்கிக் கணக்கை மறுபடி எழுதினாங்க. அப்படியும் இடையில கொடுத்த அட்வான்ஸ் எதுவும் சீட்டுல இல்ல. பெரும்பாலும் அவங்கவங்க வாய்ச்சொல்லைத்தான் நம்பினோம். ரெண்டு குடும்பத்துக்குக் கணக்கு ஒத்து வரல. மச்சினன் அவங்க சொன்ன தொகையையே கொடுத்துட்டான். ஆனா அதுல ஒரு வீட்டுப் பெரியவர், “என்னைப் பொய் சொல்லுதவன்னு நினைச்சுத்தானே ரெண்டு தடவை கேட்டிய”ன்னு மனசு விட்டுப் போயிட்டார். அதுக்கு அப்புறம் அவர் எங்களுக்கு இலை போடல.

தண்ணி வடிஞ்சு ஆபீஸைக் கழுவி விட்ட பிறகு நெட்வொர்க்கைப் புதுசாப் போடணும்னு மச்சினன் டவுன்ல ஒருத்தர்கிட்ட கொட்டேஷன் வாங்கினான். ஒரு நாள் சாயங்காலம் வீட்டுக்கு வந்து மேஜையில வச்சான். “அத்தான், பட்டியல் வந்துட்டு. பாருங்க.” பெரிய சர்வர், அதுக்குக் கண்ணாடிக் கதவு போட்ட ரேக், ஆபீஸ் முழுக்க புது வைஃபை, குடோன்ல எட்டு கேமரா, இப்போ இருக்கிறதை விட மூணு மடங்கு வேகத்துல இன்டர்நெட். கூட்டினா மூணு லட்சத்து எண்பதாயிரம். அவன் கையில இருந்தது ஒரு லட்சம். அதுலயும் பாதி, வெள்ளத்துல போன இலைக்குச் சேர வேண்டியது. “கேமராவையும் வைஃபையையும் மட்டும் இப்போ போட்டுருவோமா?”ன்னு கேட்டான். குடோன்ல இருந்து ரெண்டு மூட்டை காணாமப் போன கோபம் அவனுக்கு.

“காசைக் கொடுக்குறதுக்கு முன்னாடி வாய்க்காலை நடந்து பாப்போம்ல”ன்னு சொன்னேன்.

இந்தக் கடற்கரைக்கு அது புதுசு இல்ல. முத்துக்குளிப்பு நடந்த காலத்துல, எடுத்த எடுப்புல படகை எல்லாம் கடலுக்கு அனுப்பிற மாட்டாங்க. முதல்ல அரசாங்கத்து ஆட்கள் பாருக்குப் போவாங்க. பாருன்னா கடலுக்கடியில சிப்பி ஒட்டி வளர்ற கல்லுத் தரை. தொலாயிரம் பாருன்னு ஒவ்வொண்ணுக்கும் பேர் உண்டு. எந்தப் பாருல எவ்வளவு சிப்பி இருக்கு, என்ன வயசுன்னு பார்ப்பாங்க. மாதிரிக்குக் கொஞ்சம் சிப்பி எடுத்து, அதுல கிடைக்கிற முத்தை எடை போட்டு, விலை மதிப்பாங்க. கட்டுபடியாகும்னா மட்டும்தான் குளிப்புக்குத் தேதி குறிப்பாங்க. அதனாலேயே பல வருஷம் குளிப்பே நடக்காமப் போயிருக்கு. கடைசியா இங்கே குளிப்பு நடந்தது 1961-ல. குளிப்பு போனாலும், பார்த்துட்டுச் செலவு பண்ணுங்கிற புத்தி போக வேண்டியதில்லையே.

கணக்கு அக்காகிட்ட ஒரு நாற்பது பக்க நோட்டு கொடுத்தோம். வேலை எப்போ நின்னாலும் ஒரு வரி எழுதணும். எத்தனை மணிக்கு நின்னது, எது நின்னது, எவ்வளவு நேரம், அதனால யார் சும்மா உட்கார்ந்தாங்க. அவ்வளவுதான். மூணு வாரத்துல 23 வரி சேர்ந்தது. கரண்டு போய், ஃபைபர் பொட்டியும் ரவுட்டரும் அணைஞ்சது 11. ஆபீஸுக்குள்ளேயே வயர், ஸ்விட்ச் தகராறு 6. குடோன்ல வைஃபை எட்டாதது 3. வெளியில லைனே அறுந்தது 2. பிரிண்டர் 1. ‘இன்டர்நெட் வேகம் பத்தல’ன்னு ஒரு வரி கூட இல்ல. இன்வாய்ஸும் இ-வே பில்லும் அனுப்ப எவ்வளவு வேகம் வேணும்? வாய்க்கால்ல கால்வாசித் தண்ணி போனாலும், நிக்காமப் போனா போதும்ங்கிற வயல் அது.

அடுத்து, மணிக்கணக்கைக் கூட்டிப் பார்த்தோம். அப்போ வரிசை மாறிச்சு. கரண்டு பதினோரு தடவை போயிருந்தாலும் மொத்தம் அஞ்சு மணி நேரத்துக்கு உள்ளதான். லைன் ரெண்டே தடவைதான் அறுந்தது. ஆனா அதுல ஒரு தடவை ஒன்றரை நாள் போச்சு.

இங்கேதான் மச்சினன் ஒரு நல்ல கேள்வி கேட்டான். “அத்தான், டிசம்பர்ல நமக்கு நடந்தது இந்த நோட்டுல ஒரு வரி கூட இல்லையே?” உண்மைதான். மூணு வாரம் எழுதினா தினப்படித் தொல்லைதான் நோட்டுல வரும். பத்து வருஷத்துக்கு ஒரு தடவை வந்து எல்லாத்தையும் கொண்டு போறது வராது. வாய்க்கால்ல கோரை மண்டுறது வருஷா வருஷம் நடக்கும். வெட்டி விட்டா தண்ணி வந்துரும். குளத்துக் கரை உடையுறது தலைமுறைக்கு ஒரு தடவை. உடைஞ்சா அந்த வருஷ வெள்ளாமை திரும்பாது. அதனால நோட்டுக்குப் பக்கத்துல இன்னொரு கேள்வியையும் வச்சோம்: நின்னு போச்சுன்னா காசு கொடுத்தோ, காத்திருந்தோ திரும்ப வாங்க முடியுமா? ரவுட்டர் கடையில கிடைக்கும். லைனை நாளைக்கு ஒட்டுவாங்க. நாற்பது குடும்பத்தோட பாக்கிக் கணக்கு எந்தக் கடையிலயும் கிடைக்காது.

ஆக, எங்களுக்கு முதல் வேலை கணக்கோட நகல். நெட்வொர்க் வேலைக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்னு கொட்டேஷன் கொடுத்தவரே கேட்டார். நெட்வொர்க்குல ஓடுறதே இந்தக் கணக்குதானே. தண்ணியே இல்லாத வாய்க்காலுக்கு சிமெண்ட் பூசி என்ன பிரயோஜனம்? கம்ப்யூட்டர்காரங்க இதுக்கு 3-2-1ன்னு ஒரு சூத்திரம் வச்சிருக்காங்க. மொத்தம் மூணு பிரதி இருக்கணும். ரெண்டு விதமான இடத்துல இருக்கணும். அதுல ஒண்ணு ஆபீஸுக்கு வெளியே வேற இடத்துல இருக்கணும். நாங்க செஞ்சது இதுதான். ஆபீஸ் கம்ப்யூட்டர்ல ஒண்ணு. தினம் ராத்திரி தானா இணையத்துல ஏறுற நகல் ஒண்ணு. அது போக ரெண்டு வெளி ஹார்ட் டிஸ்க். ஒண்ணுல வெள்ளிக்கிழமை தோறும் நகல் எடுத்துக் கழற்றி அக்கா வீட்டு மாடிக்குப் போயிரும். இன்னொண்ணு கோவில்பட்டியில கொழுந்தியா வீட்டுல இருக்கும். மாசம் ஒரு தடவை ரெண்டும் இடம் மாறும். என் வீட்டுலயே வைக்கலாமேன்னு மச்சினன் சொன்னான். கோரம்பள்ளம் உடைஞ்சா ஆபீஸுக்கு வர்ற தண்ணி என் வீட்டுக்கும் வரும். அதனாலதான் கோவில்பட்டி.

கழற்றி வைக்கிறதுலதான் விஷயம் இருக்கு. 2017 ஜூன் 27-ல நாட்பெட்யான்னு ஒரு வைரஸ் உக்ரைன்ல ஒரு கணக்கு சாஃப்ட்வேர் வழியாப் புகுந்து, உலகத்துப் பெரிய கப்பல் கம்பெனிகள்ல ஒண்ணான மேர்ஸ்க்கைச் சாய்ச்சுது. மும்பை பக்கத்துல இருக்கிற ஜவஹர்லால் நேரு துறைமுகத்துல அவங்க நடத்துற முனையமும் நின்னு போச்சு. 4,000 சர்வர், 45,000 கம்ப்யூட்டரைப் பத்து நாள்ல திரும்பப் போட்டாங்கன்னு அந்தக் கம்பெனித் தலைவரே பின்னால சொன்னார். அதுல ஒரு வேடிக்கை கேளுங்க. அவங்க நெட்வொர்க்குல யார் யார், யாருக்கு என்ன அனுமதிங்கிற மூலப் பட்டியல் பல ஊர்ல இருந்த சர்வர்கள்ல இருந்தது. ஒண்ணுக்கொண்ணு இணைஞ்சு இருந்ததால எல்லாமே ஒரே நேரத்துல அழிஞ்சுது. ஒண்ணே ஒண்ணு தப்பிச்சுது. அது ஆப்பிரிக்காவுல கானா நாட்டு ஆபீஸ்ல இருந்தது. அந்த நேரம் அங்கே கரண்டு போயிருந்ததால நெட்வொர்க்குல இருந்து அது விலகி இருந்தது. அவ்வளவு பெரிய கம்பெனியைக் காப்பாத்தினது ஒரு கரண்டு கட். நம்மளைக் காப்பாத்தினது ஒரு மஞ்சப் பை. ரெண்டும் தற்செயல்தான். அதை நம்பி இருக்கக் கூடாதுன்னுதான் டிஸ்க்கைக் கழற்றி வைக்கிறது. மாட்டியே வச்சிருந்தா, கம்ப்யூட்டருக்கு வர்ற வைரஸ் அதுக்கும் வரும்.

இன்னொண்ணு. நகல் எடுத்தா மட்டும் போதாது. விதைநெல்லை மூட்டை கட்டி வச்சவன், விதைக்கிறதுக்கு முன்னாடி ஒரு கைப்பிடியை ஈரச் சாக்குல போட்டு முளைப்பு பார்ப்பான்ல? அதே மாதிரி மாசம் 5-ம் தேதி அக்கா அந்த டிஸ்க்கை ஒரு பழைய லேப்டாப்புல மாட்டி, ஏதாவது ஒரு விவசாயி பேரைத் திறந்து பாக்கியைப் படிப்பாங்க. வந்தா நகல் நல்லா இருக்குன்னு அர்த்தம்.

ரெண்டாவது, காசே செலவாகாத வேலைகள். இதை ஒரே நாள்ல முடிச்சோம். ரவுட்டர் வாங்கினப்போ அதோட வந்த பாஸ்வேர்டை மாத்தினோம். அதோட சாஃப்ட்வேரைப் புதுப்பிச்சோம். வர்ற போற லாரி டிரைவர், புரோக்கர் பையன் எல்லாருக்கும் ஒரே வைஃபை பாஸ்வேர்டு கொடுத்திருந்தாங்க. அவங்களுக்குத் தனி வைஃபை பேர் போட்டு, ஆபீஸ் கம்ப்யூட்டர் பக்கம் வர முடியாதபடி பிரிச்சோம். ஈமெயிலுக்குப் பாஸ்வேர்டு போக, போனுக்கு வர்ற எண்ணையும் கேட்கிற மாதிரி வச்சோம். ஏற்றுமதி வியாபாரத்துல ஈமெயிலுக்குள்ள புகுந்து, ‘எங்க பேங்க் கணக்கு மாறிட்டு, இனிமே இந்தக் கணக்குக்கு அனுப்புங்க’ன்னு வாங்குறவருக்கு எழுதிப் பணத்தைக் கொண்டு போறது வழக்கமான திருட்டு. கேமரா வச்சாலும் இது தெரியாது.

மூணாவது, கரண்டு. ஆபீஸ் முழுக்க இன்வெர்ட்டர் போட்டா பெரிய செலவு. ஆனா ஃபைபர் பொட்டியும் ரவுட்டரும் பத்துப் பன்னிரண்டு வாட்டுக்கு மேல இழுக்காது. அதுக்குன்னே சின்ன யூபிஎஸ் விக்குது. ரெண்டாயிரம் ரூபாய் சுமாருக்கு வாங்கி மாட்டினோம். லேப்டாப்புல அதுக்கே பேட்டரி இருக்கு. கம்ப்யூட்டர் ஒண்ணுக்கு மட்டும் சாதாரண யூபிஎஸ். நோட்டுல இருந்த 23 வரியில 11 வரி இதோட போச்சு. பொட்டி எல்லாத்தையும் சுவத்துல ஏத்தினோம். வெள்ளம் நின்ன கோடு சுவத்துல இன்னும் மறையல. அந்தக் கோட்டுக்கு ரெண்டு முழம் மேல.

நாலாவது, ரெண்டாவது லைன். வேற கம்பெனி ஃபைபர் ஒண்ணு வாங்கலாம்னு மச்சினன் நினைச்சான். தெருவுல இறங்கி நிமிர்ந்து பார்த்தோம். ரெண்டு கம்பெனி கேபிளும் ஒரே கம்பத்துல ஒண்ணா முறுக்கிக்கிட்டுப் போகுது. கம்பம் சாய்ஞ்சா ரெண்டும் போச்சு. 2008 ஜனவரி 30-ல எகிப்துல அலெக்சாண்டிரியா பக்கம் கடலுக்கடியில ரெண்டு கேபிள் அறுந்தப்போ இந்தியாவுல இணையமே தவழ்ந்துது, ஞாபகம் இருக்கா? ரெண்டு கேபிள் இருந்தும் ரெண்டும் ஒரே பாதையில கிடந்ததுதான் கோளாறு. அதனால நாங்க ஃபைபருக்குத் துணையா வேற கம்பெனி சிம் போடுற ரவுட்டர் வாங்கினோம். ஃபைபர் நின்னா அது தானா எடுத்துக்கும். டிசம்பர் 2023 மாதிரி ஒரு வெள்ளம் வந்தா டவரும் படுத்துரும், அதுவும் உதவாது. அதுக்குத்தான் கோவில்பட்டி டிஸ்க்.

அஞ்சாவது, உள் வயர். தூத்துக்குடி உப்புக்காத்து தெரியும்ல. சைக்கிள் செயினை எண்ணெய் இல்லாம ஒரு மாசம் விட்டா துருப்பிடிச்சு நிக்கும். நெட்வொர்க் வயரோட முனையில இருக்கிற செம்புப் பல் எல்லாம் பச்சைப் பூத்துக் கிடந்தது. ரெண்டு இடத்துல எலி கடிச்சிருந்தது. புது வயர் இழுத்து, பைப்புக்குள்ள விட்டு, எட்டு வாய் ஸ்விட்ச் ஒண்ணு மாத்தி, ஒவ்வொரு வயருக்கும் ரெண்டு முனையிலயும் பேர் எழுதி ஒட்டினோம். பேர் எழுதுறது சின்ன வேலையாத் தெரியும். ஆனா ராத்திரி எட்டு மணிக்கு எந்த வயர் எதுன்னு தெரியாம நிக்கிறப்போ அதோட அருமை தெரியும்.

இது எல்லாம் சேர்த்து நாற்பத்தி நாலாயிரம் ரூபாய்க்குள்ள முடிஞ்சுது. சர்வர், கண்ணாடி ரேக், மூணு மடங்கு வேகம் மூணையும் பட்டியல்ல அடிச்சோம். கேமராவையும் குடோன் வைஃபையையும் தள்ளி வச்சோம். மச்சினனுக்கு அது பிடிக்கல. “திருடு போறது என் கண்ணுல தெரியுது அத்தான். வைரஸ் எனக்குத் தெரியல”ன்னான். அவன் சொல்றதுலயும் நியாயம் இருக்கு. ரெண்டு மூட்டை இலை போனா அது காசு. ஆனா குடோனுக்கு ஒரு நல்ல பூட்டும் ராத்திரி ஒரு ஆளும் போட்டா அதைப் பாதி தடுக்கலாம். கணக்கு போனா தடுக்க வேற வழி இல்ல. அப்படித்தான் பேசி முடிச்சோம். இன்னைக்கு வரைக்கும் கேமரா வரல. தகரக் கூரை போட்ட குடோனுக்குள்ள வைஃபை இப்பவும் தள்ளாடுது. எடைச் சீட்டைப் பையன் சைக்கிள்ல கொண்டு வர்றான்.

கடைசியா ஒண்ணு செஞ்சோம். முத்துக் குளிக்கிறவர் கல்லைக் கால்ல மாட்டிக்கிட்டு கடலுக்குள்ள இறங்கினா, மேலே படகுல ஒருத்தர் கயிறைப் பிடிச்சிருப்பார். கீழே இருந்து கயிறு அசைஞ்சதும் இழுக்கணும். அந்தக் கயிறை மச்சினன் கையிலதான் கொடுப்பாங்கன்னு கடற்கரையில சொல்லுவாங்க. தங்கச்சி தாலி அந்தக் கயிறுல இருக்கே, விட மாட்டான்ல. எங்க ஆபீஸ்ல அந்தக் கயிறு கணக்கு அக்கா கையில இருந்தது. எந்தப் பொட்டியை அணைச்சுப் போடணும், லைன் போனா யாரைக் கூப்பிடணும், பாஸ்வேர்டு எதுல எழுதியிருக்கு, எல்லாம் அவங்க தலைக்குள்ளதான். அவங்களுக்கு ஒரு வாரம் காய்ச்சல்னா ஆபீஸ் நிக்கும். அதனால ஒரே பக்கத்துல எல்லாத்தையும் தமிழ்ல எழுத வச்சோம். ஒரு பிரதி சுவத்துல. பாஸ்வேர்டு மட்டும் ஒட்டின கவர்ல மச்சினன் வீட்டு பீரோவுல. அக்காவுக்கு அதுல கொஞ்சம் வருத்தம். “என்னை அனுப்பப் போறியளா?”ன்னு கேட்டுட்டாங்க. “நீங்க மக பிரசவத்துக்கு நிம்மதியாப் போயிட்டு வரத்தான்”னு மச்சினன் சொன்னான். போன ஆடியில போயிட்டு வந்தாங்க. பேத்தி.

அந்த நாட்கள்லதான் தெருவுல குழாய் பதிக்கத் தோண்டி ஃபைபரை அறுத்துட்டாங்க. அன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள ரெண்டு கண்டெய்னருக்குப் பேப்பர் போகணும். சிம் ரவுட்டர் எடுத்துக்கிச்சு. லைன் போனதே ஒரு மணி நேரம் கழிச்சுத்தான் அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. அக்கா இடத்துல உட்கார்ந்திருந்த பையன் சுவத்துல இருந்த காகிதத்தைப் பார்த்து லைன்காரருக்குப் போன் பண்ணியிருக்கான். சரக்கு கொழும்பு போயிட்டு. மீதிப் பணம் சொன்ன தேதியில வந்துது.

அம்பத்தூர் அண்ணாச்சிக்கு ஒண்ணு சொல்லணும். எங்க வரிசையை அப்படியே எடுத்துக்காதீங்க. உங்க கம்பெனியில உப்புக்காத்து இருக்காது, கப்பல் மணி இருக்காது. உங்களுக்கு குடோன் வைஃபைதான் முதல் வேலையா இருந்தாலும் இருக்கலாம். மூணு வாரம் ஒரு நோட்டுல எழுதுங்க. எத்தனை தடவை நின்னது, எத்தனை மணி நேரம் நின்னதுன்னு ரெண்டையும் தனித்தனியாக் கூட்டுங்க. அப்புறம் நோட்டை மூடி வச்சுட்டு, எது போனா திரும்ப வராதுன்னு யோசிச்சு, அதை எல்லாத்துக்கும் மேல எழுதுங்க. அதுக்குப் பிறகு கொட்டேஷன்காரரைக் கூப்பிடுங்க. அதுவரைக்கும் அவருக்கு ஒரு காபி மட்டும் போதும்.

எங்களுக்கு இலை போடுறதை நிறுத்தின பெரியவர் வீட்டுப் பக்கம் போன வாரம் போயிருந்தேன். திண்ணையில உட்காரச் சொன்னார். மோர் கொடுத்தார். அவுரியைப் பத்திப் பேசவே இல்ல. இப்போ ஆபீஸ்ல ஒரு சீட்டு கேட்டா ஒரு நிமிஷத்துல எடுத்துக் காட்டுவாங்கன்னு நானும் சொல்லல. மழைக்கு முன்னாடி இன்னொரு தடவை போகணும்.